குவாண்டமும் சம்பந்தியின் வலது செருப்பும்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

நான், ஏழுமலை. திருவள்ளூர்க்காரன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட் செய்கிற ஒரு ஷெட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது ஃபெயில்.

என் மனைவி தேவகி. எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

என் தங்கை கஸ்தூரி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவளைத்தான் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

தேவகியின் தம்பி டில்லி. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை. அன்று அவனுக்கு மதிய ஷிப்ட்.

மாப்பிள்ளைப் பையன் குமரேசன். மெட்ராஸில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார். மேற்கொண்டும் ஏதோ ஆராய்ச்சி.

அவனுடைய அப்பா தணிகாசலம். பெரியபாளையத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் செருப்பு விடும் கடை வைத்திருந்தார். சாமி கும்பிட வருகிறவர்கள் அவரிடம் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிப் போவார்கள்.

அவருடைய சம்சாரம்.

காலையில் இவ்வளவு பேர்தான்.

எனக்குப் பேச வராது. கோபமோ கர்வமோ இல்லை. சொல்ல ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். லேத் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறவனுக்குத்தான் குறை. அப்பா அம்மா இல்லாத வீடு. நான்தான் பெரியவன். வருகிறவர்கள் என்னோடுதான் பேசிப் பார்ப்பார்கள்.

முதலில் வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தரகரிடம் சொன்னார்களாம்: "அண்ணங்காரன் ஒரு வார்த்த பேசலபா. பொண்ணுக்கு இன்னாவோ கீது. மறைக்கிறான்."

அடுத்து வந்தவர்கள் சொன்னது: "வந்தவங்கள மொறச்சிக்கினே இருந்தான்." (நான் முறைக்கவில்லை. முகமே அப்படி.)

இரண்டும் என்னால் போயின. கஸ்தூரி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தடவைக்குப் பிறகு எனக்குச் சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அதனால் அன்று காலையிலேயே டில்லி என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, இந்தத் தபா வாயத் தொற. இதுவும் போச்சுன்னா கஸ்தூரி உன்ன சும்மா வுடாது."

"இன்னா பேசறது?"

"அந்தாளு இன்னா படிக்கிறாருன்னு கேளு. படிச்சவனுக்கு அத்த கேட்டா போதும். அப்புறம் அவரே பேசிக்குவாரு. நீ தலைய ஆட்டு."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

பத்தரை மணிக்கு வந்தார்கள். தணிகாசலம் புதுச் செருப்பு போட்டிருந்தார். பட்டையான தோல், பித்தளை பக்கிள். அதை வாசலில் இரண்டு முனையும் சேர்ந்தாற்போல வைத்துவிட்டு, எங்கள் செருப்புகளையும் குனிந்து ஜோடி சேர்த்து வைத்தார். தொழில் பழக்கம்.

கஸ்தூரி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. தணிகாசலமும் சம்சாரமும் கிணறு, தோட்டம் பார்க்க வேண்டும் என்றார்கள். தேவகி கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். கூடத்தில் குமரேசன், நான், டில்லி. டில்லி என் விலாவில் இடித்தான்.

"நீங்க இன்னா ஆராய்ச்சி பண்றீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. தண்ணீர் லாரி தெருவுக்குள் வந்தால் ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பாவம், அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"குவாண்டம்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ரெண்டு துகள் இருக்குதுண்ணே. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. ரெண்டும் ஒண்ணா பொறக்குது. பொறந்த உடனே ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் பிச்சிக்கினு போயிடுது. இங்க இருக்கிறதப் புடிச்சி, நீ மேல பாக்கறியா கீழ பாக்கறியான்னு சோதிக்கிறோம். மேலன்னு வருது. அப்போ அங்க இருக்கிறதையும் அதே மாதிரி சோதிச்சா கீழன்னுதான் வரும். இங்க கீழன்னா அங்க மேல. ஒரு தடவகூடத் தப்பாது."

தலையை ஆட்டியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். புரிந்தது என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை வந்துவிட்டது. (இதுதான் என் பேஜாரு. பேசாதவன் பேசினால் ஒரேயடியாகப் பேசிவிடுவான்.)

"செருப்பு மாதிரி" என்றேன்.

குமரேசன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். நானே செருப்புக் கடையில வளந்தவன், எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. தப்புண்ணே! செருப்பு வேற, இது வேற. மொதல்ல செருப்பு எப்படின்னு காட்டறேன். அப்புறம் இது எப்படி அந்த மாதிரி இல்லைன்னு காட்டறேன். பேப்பர் இருக்குதா?"

பழைய பேப்பர் கொடுத்தேன். நூலும் கொடுத்தேன். அவர் வாசலுக்குப் போய்க் கைக்குக் கிடைத்த ஒரு ஜோடியை எடுத்து வந்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு முன்னால் நீட்டினார்.

"எது எடது, எது வலதுன்னு இப்போ எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒண்ணு இங்கயே இருக்கட்டும். இன்னொண்ண யாராவது தூரமா எடுத்துக்கினு போகணும்."

டில்லிக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சோற்றுப் பையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான். "இப்டி குடுங்க" என்று ஒரு பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தான். "எவ்ளோ தூரம் போவணும்?"

"தூரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நீங்க நிலாவுக்கே போனாலும் அதேதான்."

"நிலாவுக்கு பஸ் இல்ல" என்றான் டில்லி. "கும்மிடிப்பூண்டிக்கு கீது."

எல்லோரும் சிரித்தோம். கதவுக்குப் பின்னால் கஸ்தூரியும் சிரித்தாள். டில்லி போனான். தெருமுனை வரை போய்த் திரும்பி வருவான் என்று குமரேசன் நினைத்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நான் அந்தத் துகளிலேயே நின்றுவிட்டேன்.

"செருப்புன்னா, பொட்டலம் கட்டும்போதே எடது எடதுதான். வலது வலதுதான். நமக்குத் தெரியலை, அவ்ளோதான்" என்றார் குமரேசன். "துகள் அப்படி இல்ல. பாக்கறதுக்கு முன்னாடி அது மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

"நமக்குத் தெரியலை."

"இல்லண்ணே. தெரிஞ்சிக்கிறதுக்கே அங்க ஒண்ணும் இல்ல. முடிவே ஆகலை. பாத்தாதான் முடிவாகுது."

"பாக்காத செருப்பு எடதும் இல்ல, வலதும் இல்ல."

"செருப்ப வுடுங்க!"

"நீங்கதான கட்டினீங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். ஷெட்டில் முழு நாள் நின்றாலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

"சரி. இங்க பாத்ததும் இது மேலன்னு முடிவாச்சு" என்றேன். "அங்க இருக்கிறதுகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"யாரும் சொல்றதில்ல."

"பின்ன?"

"அதான் யாருக்கும் தெரியலை."

இவ்வளவு படித்தவர் தெரியவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். அவர் மட்டும் சுற்று வழியாக வந்திருக்கிறார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கெளம்பும்போதே ரெண்டும் பேசி வெச்சிக்கினு கெளம்பியிருந்தா?"

பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் பேசக்கூடாது. ஊமை அண்ணன், வாயாடித் தங்கை என்று தரகரிடம் சொல்வார்கள். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

குமரேசன் எழுந்து நின்றுவிட்டார். கதவைப் பார்த்துக் கும்பிடப் போகிறாரோ என்று பயந்தேன்.

"அதேதாங்க கேள்வி!" என்றார். "பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அதான் கேட்டாங்க! ஒரே கேள்வின்னா முன்னாடியே பேசி வெச்சிக்கலாம். ஆனா நாம நேரா கேக்கலாம், படுக்க வெச்சு கேக்கலாம், சாய்ச்சு கேக்கலாம். எப்படிக் கேப்போம்னு அதுங்களுக்கு முன்னாடியே தெரியாது. ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி நெறைய தடவ கேட்டு, பதில ஒத்துப் பாத்தா, பேசி வெச்சவங்களால இவ்ளோ ஒத்துப்போக முடியாதுன்னு கணக்கு சொல்லுது. அதையும் மீறி ஒத்துப்போகுது. வெளிநாட்டுல இப்போதான் சோதிச்சுப் பாக்கறாங்க."

"அப்போ நெசமாவே பேசி வெக்கலையா?" என்றாள் கஸ்தூரி.

"வெக்கலை."

"போற வழியிலயும் பேசிக்கலையா?"

"அதுக்கு நேரமே கெடையாது."

இருவரும் கதவோடு பேசிக்கொண்டே போனார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் தலையைத் திருப்பினேன். ஒரு கட்டத்தில் எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது.

"இத்த வெச்சு கும்மிடிப்பூண்டிக்கு சேதி சொல்லலாமா? தந்தி மாதிரி?"

"முடியாதுண்ணே. இங்க மேல வருதா, கீழ வருதான்னு நம்ம கையில இல்ல. அங்க இருக்கிறவனுக்கும் ஏதோ ஒண்ணு வரும். பின்னால ரெண்டு பேரும் உக்காந்து ஒத்துப் பாத்தாதான் தெரியும். இதுல சேதி அனுப்பவே முடியாது."

"அப்போ எதுக்கு ஆவும்?"

"இன்னைக்கு எதுக்கும் ஆகாது."

"இதான் நைனா நானும் கேட்டுக்கினே கீறேன்" என்றபடி தணிகாசலம் பின்பக்கத்திலிருந்து உள்ளே வந்தார். கிணறு பிடித்திருந்தது. முகம் மலர்ச்சியாக இருந்தது. அவருடைய சம்சாரமும் சிரித்துக்கொண்டே வந்தார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குது. ஊட்டுக்குப் போய் ஒரு வார்த்த பேசிட்டு சொல்லி அனுப்பறோம்."

அந்த நிமிடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இருப்பா, ஒரே நிமிஷம்" என்றார் குமரேசன். மீதமிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது இடது செருப்பு. அதைத் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா? இது எடது. அப்போ அவர் கையில இருக்கிறது வலது! யாரும் சொல்லாமலே தெரிஞ்சிபோச்சு!"

தணிகாசலம் செருப்பைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி செருப்பைப் பார்த்தார்.

"இது யாருது?"

குமரேசனின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"வலது எங்க?"

"கும்மிடிப்பூண்டில" என்றேன். பேசச் சொன்னார்களே என்று பேசினேன்.

நான் தெருமுனைக்கு ஓடினேன். டில்லி இல்லை. டீக்கடையில் கேட்டேன். அப்போதே பஸ் ஏறிவிட்டானாம். திரும்பி வந்து என் செருப்பைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இத்தன வருஷமா ஊரு செருப்பக் காவல் காக்கறேன் நைனா. ஒரு செருப்பு மாறினதில்ல. அடுத்தவன் செருப்புல கால நுழைச்சதில்ல. நுழைச்சா அன்னியோட என் தொழில் போச்சு."

"வெறுங்காலோட போவலாமே" என்றார் குமரேசன்.

"பொண்ணு பாக்கப் போய் செருப்பத் தொலைச்சிட்டு வந்தான்னு பஜாரே சிரிக்கும். செருப்புக் கடைக்காரன்டா நான்!"

அவருடைய சம்சாரம் மெல்லச் சொன்னார்: "சகுனமே சரியில்லையே."

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். "செருப்பு வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

தேவகி என்னைப் பார்த்தாள். இரண்டு இடம் பேசாமல் போனது. மூன்றாவது பேசிப் போகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் பெரியபாளையத்தில் பஸ் மாற வேண்டும். வெயில். வழியெல்லாம் துகளைப் பற்றி யோசித்தேன். தொண்டையில் மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெரியபாளையத்தில் இறங்கி ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் ஏறினேன். எதையும் கவனிக்கவில்லை.

கம்பெனி கேட்டில் காத்திருந்து டில்லியை வெளியே கூப்பிட்டேன். முகமெல்லாம் கரியோடு வந்தான்.

"செருப்பு எங்க?"

"எந்தச் செருப்பு? அதுவா? பெரியபாளையத்துல பஸ் மாறும்போது பிரிச்சுப் பாத்தேன் மாமா. அந்தப் பெரியவரோட புது செருப்பு. அடடா, இத்தப் போய் ஃபர்னஸ் பக்கத்துல வெச்சா தோலு கருகிடுமேன்னு அவரு கடையிலயே வுட்டுட்டேன்." ஒரு டோக்கனை எடுத்துக் கொடுத்தான். "கடைப் பசங்க சும்மா வாங்கமாட்டேன்னாங்க. டோக்கன் குட்தாங்க."

நல்ல காரியம்தான். தப்பே சொல்ல முடியாது.

"கடையில இன்னா சொன்னே?"

"இன்னாத்த சொல்றது, பஸ் உறுமிக்கினு கீது. 'உங்க மொதலாளி செருப்பு'ன்னேன். 'அவரு எங்க'ன்னு கேட்டாங்க. 'திருவள்ளூர்ல'ன்னு கத்திட்டு ஏறிட்டேன்."

மறுபடி பெரியபாளையம். கடை பூட்டியிருந்தது. பூட்டின கடைக்கு முன்னால் வெறுங்காலோடு ஒரு கூட்டம், கையில் டோக்கன்களை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. எல்லோருடைய செருப்பும் உள்ளே. நானும் டோக்கனோடு போய் நின்றேன்.

"இன்னா ஆச்சு?" என்று ஒரு அம்மாளைக் கேட்டேன்.

"உனுக்குத் தெரியாதா? கடைக்காரரு லாரில அடிபட்டுப் போயிட்டாராம். திருவள்ளூர்லயாம். ஒத்தச் செருப்புதான் கெடச்சுதாம். யாரோ ஒரு ஆளு பஸ்ல வந்து குடுத்துட்டு அழுதுக்கினே ஓடிட்டானாம். பஜாரே லாரி புடிச்சிக்கினு போயிருக்குது."

திருவள்ளூர் பஸ்ஸைத் தேடி ஓடினேன்.

நான் கிளம்பும்போது அவர் உயிரோடுதான் இருந்தார். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கோபத்தில் ஒற்றைச் செருப்போடு தெருவில் இறங்கி நடந்திருந்தால்? அந்த நேரம் லாரி வந்திருந்தால்? இந்த அம்மாள் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள். பார்க்கிற வரைக்கும் முடிவாகவில்லை என்று அவருடைய மகன் சொன்னது திருவள்ளூர் பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. பிறகு பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. போய்விட்டது.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது வீட்டு வாசலில் லாரி. தெரு நிறைய ஆட்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தணிகாசலம் நடுக்கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெரியபாளையம் பஜார். தேங்காய்க்கடை, பூக்கடை, வளையல்கடை, எல்லோரும் அழுது முடித்த முகத்தோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்.

"வா நைனா" என்றார் தணிகாசலம். "நான் செத்துப்போனா யாரு யாரு அழுவாங்கன்னு கண்ணால பாத்துட்டேன். பூக்கடைக்காரனுக்கும் எனக்கும் நாலு வருஷமா பேச்சே இல்ல. அவன்தான் லாரி புடிச்சு மொதல்ல ஏறியிருக்கிறான்."

பூக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"சேதி தப்பா போயிடுச்சு" என்றேன்.

"அதான் அப்பவே சொன்னேனே" என்றார் குமரேசன். "இதுல சேதி அனுப்ப முடியாதுன்னு."

"செருப்பு...?" என்றேன்.

"அவங்களே கொண்டாந்துட்டாங்க" என்றார் தணிகாசலம். வாசலில் இரண்டும் முனை சேர்ந்து இருந்தன. நான் கும்மிடிப்பூண்டி வரை போய் வந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. எடுத்து வந்த டோக்கனை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

"அப்போ..." என்று இழுத்தேன்.

தேவகிதான் சொன்னாள். "தட்டு மாத்தியாச்சுய்யா. நீதான் இல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். நான் போன பிறகு காத்திருக்கிற நேரத்தில் வேறு வேலை இல்லாமல் தணிகாசலம் அந்தத் துகள் கதையை முதல் தடவையாக மகனிடம் முழுசாகக் கேட்டாராம். அவருக்குப் புரியாத இடத்தில் கஸ்தூரி வெளியே வந்தே கேள்வி கேட்டாளாம். அப்போதுதான் லாரி வந்திருக்கிறது. அழுகை, கட்டிப்பிடித்தல் எல்லாம் முடிந்து பார்த்தால், ஜாதி ஜனம் அத்தனையும் வீட்டில். பூஜைக்கடைக்காரர்கள் வெறுங்கையோடு எங்கும் போகிறவர்கள் இல்லை. தேங்காய், பழம், வெற்றிலை, குங்குமம் எல்லாம் லாரியிலேயே இருந்தது. வந்தவர்கள் சும்மா திரும்ப வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரை எங்கள் பக்கம் உட்கார வைத்து நிச்சயத்தை முடித்துவிட்டார்கள்.

"எம்புள்ள படிப்பு எதுக்கு ஆவும்னுதான் நான்கூட கேட்டேன், அது இன்னான்னு கேட்டதில்ல" என்றார் தணிகாசலம். "உன் தங்கச்சி கேட்டுது. அது போதும்."

கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சோற்றுத் தட்டு சத்தமில்லாமல் வந்தது.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த நிச்சயதார்த்தம் என்றாலும் என்னைப் பக்கத்தில் விடுவதில்லை. தட்டு மாற்றும் நேரத்துக்குச் சரியாக, "மாமா, கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு நடை போய் வந்துடு, நல்லபடியா முடிஞ்சிடும்" என்று டில்லி ஆரம்பிப்பான். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். நான் பின்பக்கம் போய் நிற்பேன். நல்லபடியாகத்தான் முடிகிறது.

மாப்பிள்ளை குமரேசன் இன்றைக்கும் எனக்கு விளக்குகிறார். யாரும் போய்ச் சொல்வதில்லை என்பது புரிந்துவிட்டது. முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை என்பதும் ஒரு மாதிரி புரிகிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து புரிவதில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடுகிறது.

போன தை மாதம் என் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். என்னை வழக்கம்போலப் பின்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். பையனுடைய அண்ணன் ஏதோ கேட்டான். கூடத்திலிருந்து குமரேசனின் குரல் வந்தது: "ரெண்டு துகள் ஒண்ணா பொறக்குதுன்னு வெச்சிக்கோங்க..."

எழுந்து சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். செருப்புகளை எண்ணினேன்.

பதினைந்து.